தருமபுரிக் கடைவீதிக்குத் துணை நிற்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தருமபுரி நகரின் வணிகம் பேருந்து நிலையத்தைச் சுற்றியே வளர்ந்தது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள் சின்னசாமி நாயுடு தெரு, ஆறுமுக ஆசாரி தெரு போன்ற வீதிகளில் துணிமணி, பாத்திரம், மளிகை என்று தேவையானவற்றை நடந்தே வாங்கிக்கொண்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து ஊர் திரும்புவது பல குடும்பங்களில் தலைமுறைப் பழக்கமாக இருந்துவருகிறது. இன்று அந்தப் பழக்கம் தளர்கிறது. கார் நிறுத்த இடம் உள்ள பெரிய கடைகள் நகரின் ஓரத்துக்குப் போகின்றன. மற்றவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. இதைக் கண்டு வருந்தி, ஏதேனும் செய்ய வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடைவீதி பிழைப்பது நடந்து வருகிற மனிதர்களால். அவர்கள் வருவதற்கும், வந்தவர்கள் இன்னும் கால் மணி நேரம் நிற்பதற்கும் உதவுகிற எதுவும் கடைக்காரருக்கு நன்மை தரும். அதற்கு உதவாத அலங்கார வளைவு, வண்ண விளக்கு, ஒருநாள் விழா ஆகியவற்றில் செலவிடும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீண். எந்த யோசனை வந்தாலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே அதில் இறங்குங்கள்.

முதல் படி: ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்

நகரம் முழுவதையும் மாற்றுவதாகப் புறப்படுகிறவர்கள் சில மாதங்களில் களைத்துவிடுகிறார்கள். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிற அளவுக்குச் சிறிய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அதில் நடந்து பாருங்கள். கடை திறக்குமுன், காலைப் பரபரப்பில், மதிய வெயிலில், இரவு ஷட்டர் இறங்கும் நேரத்தில் எனத் தனித்தனியாகப் போக வேண்டும். சாதாரண நாள், முகூர்த்த நாள், சம்பளம் வந்த முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆகியவற்றுக்கு இடையே கூட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்தக் கடை மூடிக் கிடக்கிறது, லோடு ஆட்டோக்கள் எந்நேரத்தில் சரக்கு இறக்குகின்றன, நிழல் எங்கே இருக்கிறது, சாக்கடை மூடி எங்கே உடைந்திருக்கிறது, கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பனவற்றைக் குறித்து, கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த வரைபடமே உங்களுக்காகப் பேசும்.

அப்படி நடக்கும்போது கண்ணில் படுகிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். காலை ஆறரை மணிக்கு, இன்னும் திறக்காத துணிக்கடையின் படிக்கட்டில் ஓர் அம்மா பூக்கூடையை இறக்கி, வாழைநாரை நனைத்து வைத்துவிட்டுச் சாமந்தியைக் கட்டத் தொடங்குகிறார். ஒன்பதரை மணிக்கு முதலாளி வந்து ஷட்டரைத் தூக்குவதற்குள் படியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, கூடையை இரண்டடி தள்ளி வைத்துவிடுகிறார். கடையின் சாமி படத்துக்கு ஒரு முழம் அவரிடமிருந்தே போகிறது. மாலையில் அவருடைய பல்பு கடையின் மின் இணைப்பிலிருந்து எரிகிறது. பூ வாங்க நிற்கிறவரின் பார்வை கடைக்குள் தொங்கும் சேலைமீது விழுகிறது. யாரும் எழுதி வைக்காத இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் அந்தத் தெருவில் எதையும் ‘ஒழுங்குபடுத்த’ முனையாதீர்கள்.

கடைக்காரரிடம் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. “வியாபாரம் எப்படிங்க போகுது?” என்று கேட்டால், எந்தக் காலத்திலும் கிடைக்கிற பதில் “சுமார்தாங்க” என்பதே. அதற்குப் பதிலாக, “காலையில் போணி எத்தனை மணிக்கு ஆகிறது?”, “எந்த மாதத்தில் சரக்குக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது?”, “வெளியூர் ஆட்கள் அதிகமா, உள்ளூர் ஆட்கள் அதிகமா?” என்று கேளுங்கள். போணி நேரம் பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தள்ளிப்போயிருந்தால், அது மொத்தக் கதையையும் சொல்லிவிடும். முதல் சந்திப்பிலேயே வாடகை, அட்வான்ஸ், வருமானம் ஆகியவற்றைக் கேட்கக் கூடாது. வரித்துறை ஆளோ என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம்.

இரண்டாம் படி: உங்கள் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்

உள்ளூர்க் கடையில் வாங்குங்கள் என்று பிறருக்குச் சொல்லுமுன், உங்கள் வீட்டு மாதாந்திர மளிகைப் பட்டியலை எடுத்து, அதில் எதையெல்லாம் கடைவீதியில் அதே விலைக்கு அல்லது சற்றே கூடுதலாக வாங்க முடியும் என்று பாருங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. தொடர்ந்து ஒரே கடையில், குறித்த தேதியில் வாங்குகிற ஒரு சிறு பட்டியல்கூட, எவ்வளவு சரக்கு எடுக்கலாம் என்று கடைக்காரர் கணக்கிட உதவும். பெரிய கடைக்கு ரொக்கம், தெருமுனைக் கடைக்கு மட்டும் கடன் என்ற வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். பற்று வரவு நோட்டில் மாதக்கணக்கில் நிற்கிற நம்முடைய பாக்கிதான், அந்தக் கடைக்காரரை வட்டிக்கு வாங்க வைக்கிறது.

தனி வீடுகளைவிட நிறுவனங்களின் கொள்முதல் பெரிது. பள்ளிகள், திருமண மண்டபங்கள், மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலைகள், அலுவலகங்கள் ஆகியவை காகிதம், சீருடை, தேநீர், தின்பண்டம், அச்சு வேலை என்று ஆண்டு முழுவதும் வாங்குகின்றன. நீங்கள் பணிபுரியும் இடத்தில் இவற்றில் ஒன்றையாவது நகரின் சிறு தொழில்களிடம் கொடுக்கச் செய்ய முடியுமா என்று பாருங்கள். கொடுத்தால், பணம் உரிய நாளில் போய்ச் சேருகிறதா என்பதையும் கவனியுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தந்தாக வேண்டும். வாங்கி விற்கும் சில்லறைக் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. ஆனால் சீருடை தைக்கும் தையற்கடைக்கும், அச்சகத்துக்கும், முறுக்குப் போட்டுத் தரும் மகளிர் குழுவுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: காகித வேலைக்குத் துணை நில்லுங்கள்

சிறு வியாபாரிக்குப் படித்த ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, அவருடைய பதிவுகளைச் சரிசெய்து கொடுப்பதே என்பது என் கருத்து. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவான உத்யம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். பான் இல்லாத மிகச் சிறிய தொழில்களை வங்கிகள் மூலம் பதிவு செய்ய உத்யம் அசிஸ்ட் என்ற தனித் தளம் இருக்கிறது. சில்லறை, மொத்த வியாபாரிகளும் 2021 ஜூலை முதல் பதிவு செய்துகொள்ளலாம். முன்னுரிமைக் கடன் பெற அது உதவும். பணம் கேட்கிற போலி இணையதளங்களும் தரகர்களும் இருப்பதால், அரசுத் தளத்தின் முகவரி எது என்பதைக் கடைக்காரருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். உணவுப் பொருள் விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்; வணிகர்களுக்குத் தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை பயன் தரும். மூடிக் கிடக்கும் கடையைப் புதிதாக எடுத்து நடத்த விரும்பும் இளைஞரை மாவட்டத் தொழில் மையத்துக்கு அழைத்துச் சென்று, வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் 25 சதவீத மானியத்தைப் பற்றி விசாரியுங்கள். தையல் போன்ற கைத்தொழில் செய்கிறவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது.

படிவத்தை நீங்களே வாங்கிச் சென்று நிரப்பிவிடாதீர்கள். உரியவரைப் பக்கத்தில் அமர்த்தி, அவருடைய கைப்பேசி எண்ணையே கொடுத்து, பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் அவருடைய நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கல்லாவில் கூட்டம் குறைந்திருக்கும். இந்த வேலைக்கு அதுவே ஏற்ற நேரம்.

கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டிக்காரரும் தரைக்கடைக்காரரும் பெரும்பாலும் தண்டல் பணத்தில்தான் சரக்கு எடுக்கிறார்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்கூட்டியே ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பது இதன் வழக்கமான வடிவம். மழை பெய்து கடை போடாத நாளிலும் வசூல்காரர் வந்து நிற்பார். இதற்கு மாற்றாக 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதி திட்டம், 2025 ஆகஸ்டில் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு, முதல் தவணையில் 15,000 ரூபாய் வரையும், அதை ஒழுங்காகக் கட்டியவருக்கு 25,000 ரூபாய் வரையும், மூன்றாவதாக 50,000 ரூபாய் வரையும் பிணையில்லாமல் வங்கிக் கடன் தருகிறது. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. விற்பனையாளர் அடையாள அட்டை அல்லது நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் இதற்குத் தேவை. அந்தக் கடிதத்தைப் பெற்று, வங்கி வரை உடன் சென்று, முதல் மூன்று தவணைகள் கட்டும்வரை நினைவூட்டினால், ஒரு குடும்பத்தைத் தண்டலிலிருந்து வெளியே கொண்டுவர வாய்ப்பிருக்கிறது.

நான்காம் படி: தெரு வியாபாரிகளை அப்புறப்படுத்துவதை மேம்பாடு என்று எண்ணாதீர்கள்

எந்த நகரத்திலும் கடைவீதியைச் சீரமைக்க வேண்டும் என்று பேச்செடுத்தவுடன், முதலில் வருகிற யோசனை நடைபாதைக் கடைகளை அகற்றுவதுதான். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். பேருந்திலிருந்து இறங்குகிறவரைத் தெருவுக்குள் இழுப்பது பழமும் பூவும் பொரியும் விற்கிற அந்த வரிசைதான். அது போய்விட்டால் உள்ளே இருக்கிற கடைகளுக்கும் ஆள் குறையும். சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு நகராட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தி, கண்டறியப்பட்ட அனைவருக்கும் சான்றிதழ் தந்து, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற அளவுக்கு உட்பட்டு விற்பனைப் பகுதிகளில் இடம் ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 68,600, அதில் 2.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,700 பேர். இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது.

இதில் உங்கள் வேலை என்ன? குழு எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். உங்கள் தெருவில் சான்றிதழ் இல்லாதவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். பிறகு கடைக்காரர்களையும் தெரு வியாபாரிகளையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். இதுதான் மிகக் கடினமான பகுதி. “நாங்க வாடகை கொடுத்து, வரி கட்டி உட்கார்ந்திருக்கோம், அவங்க வாசலை மறைச்சுட்டு விக்கிறாங்க” என்ற கடைக்காரரின் குறையில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்காமல், கடை வாசலுக்கு எத்தனை அடி விட வேண்டும், கோடு எங்கே போடுவது, மாலையில் குப்பையை யார் அள்ளுவது என்று அளந்து பேசினால் பெரும்பாலான சச்சரவுகள் அடங்கிவிடும். நீங்கள் போட்ட வரைபடத்தை அந்தக் கூட்டத்தில் விரித்து வையுங்கள். பல தெருக்களில் பாதையை உண்மையாகவே அடைத்து நிற்பவை, காலை முதல் இரவு வரை நகராமல் நிறுத்தப்படுகிற இருசக்கர வாகனங்கள். அவற்றில் கணிசமானவை கடைக்காரர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் உரியவை. அவற்றை ஓரிடத்துக்கு மாற்ற ஒப்புக்கொண்டாலே வாடிக்கையாளருக்கு இடம் கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: நிழல், இருக்கை, கழிப்பறை

சென்னை பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அதுபோல் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அகலமான சாலையும் பெருந்தொகையும் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். இருபதடித் தெருவுக்குப் பொருந்தாது. நமக்கு வேண்டியவை சிறியவை. பங்குனி, சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் தெரு வெறிச்சோடிவிடுகிறது. தெருவின் குறுக்கே பச்சை வலைப்பந்தல் கட்டினால் கூட்டம் இன்னும் சற்று நேரம் நிற்கும். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய, தண்ணீர் வருகிற, பூட்டப்படாத ஒரு கழிப்பறை பக்கத்தில் இருந்தால், கைக்குழந்தையுடன் வந்தவர் அவசரமாக ஊர் திரும்ப வேண்டியிருக்காது. இத்தகைய பணிகளுக்கு நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு செலவை ஏற்றால், மீதியை அரசு தருகிறது; வணிகர்கள் சேர்ந்து அந்தப் பங்கைத் திரட்டிவிடலாம்.

கடை ஊழியர்களையும் மறந்துவிடக் கூடாது. பணி நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுவதும் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டுகிற பெண்களுக்கு ஒரு முக்காலி போட்டுத் தருகிற கடையை நாடிச் செல்லுங்கள். முதலாளியிடம் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

ஆறாம் படி: வட்டாரப் பொருளை வீதிக்குக் கொண்டுவாருங்கள்

இந்த மாவட்டத்தின் கேழ்வரகும் புளியும் மாம்பழமும் பாலக்கோட்டுத் தக்காளியும் லாரி லாரியாக வெளியூர் போகின்றன. நகரத்திலேயே அரசின் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. கூடும் இங்கிருந்து வெளியேதான் போகிறது. 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டதும் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் குழுக்கள் செய்கிற கேழ்வரகு மாவு, புளி, ஊறுகாய், தின்பண்டம் ஆகியவற்றுக்குக் கடைவீதியில் ஏற்கெனவே இருக்கிற மளிகைக் கடைகளில் ஒரு தட்டு ஒதுக்கக் கேளுங்கள். தனி விற்பனை நிலையம் திறப்பதைவிட இது எளிது, வாடகையும் இல்லை. விற்ற பிறகு பணம் தருவது என்ற ஏற்பாட்டில் தொடங்கி, சரக்கு ஓடுவதைக் கண்ட பின் ரொக்கத்துக்கு மாறலாம். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கிற தைப்பூசத் தேரைக் காண வரும் கூட்டத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சரக்கு தயாரிக்கச் சொல்வதும் பயன் தரும்.

இதற்கெல்லாம் ஒரு பொறுப்பாளர் வேண்டும்

அமெரிக்காவில் சிறு நகரங்களின் பழைய கடைவீதிகள் நெடுஞ்சாலை அங்காடிகளால் வெறுமையானபோது, 1977இல் மூன்று ஊர்களில் ஒரு சோதனை தொடங்கப்பட்டு, 1980இலிருந்து நாடளாவிய திட்டமாக விரிந்தது. ஒவ்வொரு கடைவீதிக்கும் முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது அதன் முக்கியமான கூறு. நம் நாட்டுச் சூழல் வேறு. அங்கு செய்ததை அப்படியே இங்கு செய்ய முடியாது. ஆனால் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வணிகர் சங்க நிர்வாகிகள் காலையிலிருந்து இரவு வரை சொந்தக் கடையில் கட்டுண்டவர்கள். மனுக்களைத் தொடர்ந்து விசாரிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. கடைக்கு மாதம் ஒரு சிறு தொகை வீதம் சேர்த்து, படித்த உள்ளூர்ப் பெண் ஒருவரையோ இளைஞரையோ பகுதிநேரமாக அமர்த்தினால், தன்னார்வலர்கள் சலித்துப்போன பிறகும் வேலை நிற்காது.

மனு கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். தெருவில் உள்ள ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு கையொப்பம், தெரு வியாபாரிகளின் கையொப்பங்கள், உங்கள் வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். முதலில் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் வையுங்கள். நகராட்சி ஆணையரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், அந்த ஒப்புகையின் நகலோடு கொடுங்கள். உடைந்த சாக்கடை மூடி, எரியாத தெருவிளக்கு போன்று விரைவில் முடியக்கூடிய ஒன்றை முதல் மனுவாக வைப்பது நல்லது. ஒரு வேலை முடிந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் கடைக்காரர்கள் அடுத்த மனுவில் நம்பிக்கையுடன் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தொடக்கத்தில் நடந்த அதே நாள்களிலும் அதே நேரங்களிலும் மீண்டும் தெருவில் நடந்து, திறந்திருக்கும் ஷட்டர்களையும், போணி நேரத்தையும், வங்கிக் கடனுக்கு மாறியவர்களையும், சான்றிதழ் பெற்றவர்களையும் பழைய நோட்டோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அதன் ஒரு நகலை வணிகர் சங்கத்திடமும் இன்னொன்றைத் தெரு வியாபாரிகளின் பிரதிநிதியிடமும் கொடுத்துவிட்டு, அடுத்த ஆறு மாதத்துக்கு எந்த இரண்டு வேலைகளை எடுப்பது என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.